நான் அறுத்த தந்திக் கம்பி

திட்டுகிறவர்கள் திட்டட்டும். எல்லைச் சண்டையின்போது நாராயணவனம் தபாலாபீசுக்குப் போகும் தந்திக் கம்பியை அறுத்தவன் நான்தான். சித்தூர் ஜில்லாவை ஆந்திராவோடு சேர்த்த ஆத்திரம்.

அறுத்த மூன்றாம் நாள் பெய்த மழையில், மேலேயுள்ள ஏரி உடையப்போகிறது என்று தந்தி அடித்திருக்கிறார்கள். இங்கே மிஷின் செத்துக் கிடந்தது. பட்டப்பகலில் வெள்ளம் புகுந்து, வீட்டுச் சுவரைத் தள்ளி என் தங்கையை நசுக்கியது. பிணத்தை வெளியே இழுத்ததும் அவள் புருஷன் மண்வெட்டிக் காம்பால் என் பல்லை உடைத்தான்.

"கம்பிய அறுத்துட்டு வந்து இளிச்சிக்கினு இருந்தியே மச்சான், இப்ப இளிடா!"

நான் தடுக்கவில்லை.

இப்போது மழை பிடித்தால் தடியோடு கம்பி போகும் வழியெல்லாம் நடக்கிறேன். போன வாரம் கம்பியை அறுக்கக் கம்பத்தில் ஏறிய எங்கள் போராட்டத்து ஆளையே இழுத்துப் போட்டு மிதித்தேன்.

"நீயும் தமிழன்தானேண்ணா?" என்று அழுதான்.

"என் தங்கச்சியும் தமிழச்சிதான்டா" என்று இன்னொரு உதை விட்டேன்.