வவ்வால் அண்ணன் அளக்காத சிரிப்பு

எங்கள் பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிறவரை நாங்கள் வவ்வால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பட்டம் அவரே தேடிக்கொண்டது. செட்டை மெழுகில் செய்து வாயில் வைத்துப் பார்க்கும்போது, யாராக இருந்தாலும் "வவ்வால்" சொல்லச் சொல்வார். 'வ' வரும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் நீளம் சரி. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே ஆறு தடவை வவ்வால் சொல்லிவிட்டுத்தான் போனார்.

முகம் பார்த்துப் பேசும் பழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. வாயைப் பார்த்துத்தான் பேசுவார். நான் உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே, என் முன்பற்களின் நடுக்கோடு மூக்குக்கு நேராக இல்லை, ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் போகிறது என்று சொல்லி வரவேற்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அழகான சிரிப்புக்கு அவரிடம் தனி இலக்கணமே உண்டு. முன்பல் இரண்டும் எடுப்பாக இருக்க வேண்டும், மேல்வரிசை கீழுதட்டின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும், நிறம் கண்ணின் வெள்ளையைத் தாண்டக் கூடாது. ஈறு எட்டிப் பார்க்கலாம், வந்து உட்காரக் கூடாது.

இப்பேர்ப்பட்டவரின் மனைவிக்கே ஈறு நோயில் மேல்பல் அத்தனையும் போயிற்று. அண்ணி துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். மூன்றாவது மாடியில் அவர் சிரித்தால் கீழே வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கேட்கும். அண்ணன் பார்த்துப் பார்த்து ஒரு செட் செய்து கொடுத்தார். நானே அசந்துபோனேன். ஆனால் அதை மாட்டிய சில நாளிலேயே அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் சிரிப்பதையே விட்டுவிட்டார். வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று அண்ணன் என்னிடம் புலம்பினார். அதையும் என் வாயைப் பார்த்துத்தான் சொன்னார். இருந்தாலும் பாவமாக இருந்தது.

அண்ணியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"வாய்விட்டுச் சிரிச்சா பாதிக்குமேல செட்டோட ஈறுதான் தெரியுது. கண்ணாடியில பாத்தேன். அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவ்வளவு ஆசையா செஞ்சாரே" என்றார்.

தப்பு எங்கே என்று உடனே பிடிபட்டது. அளவெடுக்கும்போது சிரிக்கச் சொன்னால் எல்லோரும் போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரிதான் சிரிப்பார்கள். மேலுதடு பாதிதான் ஏறும். அந்த உயரத்துக்குத் தகுந்த பல்லை அண்ணன் தேர்ந்தெடுத்திருக்கிறார். அண்ணியின் அசல் சிரிப்பில் உதடு அதைத் தாண்டி எங்கேயோ போய்விடுகிறது. இருபது வருஷமாகக் கேட்ட சிரிப்பை மனுஷன் அளக்காமல் விட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுவாரம் அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து, இன்னும் பல் பதிக்காத வெறும் மெழுகுப் பட்டையை மேல்வாயில் பொருத்தினோம். சிரிக்கும்போது உதடு எங்கே நிற்கிறதோ அங்கே மெழுகில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அந்த உயரத்துக்குத் தகுந்த பல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிரிப்பு வர வேண்டுமே! அண்ணன் கையில் சின்னக் கத்தியோடு, தெரிந்த துணுக்கெல்லாம் சொன்னார். அண்ணி மரியாதைக்குப் புன்னகைத்தார். துணுக்குகளும் சகிக்கவில்லை. அரைமணி நேரம் போனது. கடைசியில் வேறு வழி தெரியாமல், பழக்கதோஷத்தில், "சரி, வவ்வால் சொல்லு" என்றார்.

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைச் சொல்ல வேற செய்யணுமா? அதோடதானே இருபது வருஷமா குடும்பம் நடத்துறேன்."

சொல்லிவிட்டு, தானே தாங்க மாட்டாமல் சிரிக்க ஆரம்பித்தார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மேல்வாயில் ஒரு பல்கூடக் கிடையாது, வெறும் மெழுகு. ஆனாலும் அந்தக் கை வாய்ப்பக்கம் போகவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன் கோடு போடாமல் கத்தியும் கையுமாக அப்படியே நின்றார். நான்தான் அவசரமாக அளவுகோலை வைத்துப் பார்த்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உதடு எதுவரைக்கும் ஏறிச்சும்மா? நான் பாக்கல. அவ கண்ணையே பாத்துட்டு இருந்துட்டேன்."