வாய் நிறைய ஆணி

ஆணிவாயருக்கு வேலை நேரத்தில் இரண்டு கையும் போதாது. இடது கை ரெக்ஸினை இழுத்து மரச்சட்டத்தின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். வலது கையில் சுத்தியல். ஆணிகள் வாயில். நாக்கால் ஒன்றைப் புரட்டி, கொண்டை வெளியே தெரியும்படி உதட்டுக்குத் தள்ளுவார். சுத்தியலின் ஒரு முனை காந்தம். அதை உதட்டில் ஒற்றினால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தட்டில் மரத்தில் நிற்கும், சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டுத் தட்டினால் உள்ளே போய்விடும். நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, ஒரு சோபாவுக்கு முத்தம் கொடுப்பவர்போல் குனிந்திருந்தார். "வாங்க" என்பதைப் புருவத்தால் சொன்னார்.

நர்ஸாக நான் அங்கே போனது அவருடைய மாமியாரைப் பார்த்துக்கொள்ள. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மகள் வீட்டின் பின்னறையில் படுத்திருந்தார். முன்னறைதான் குஷன் கடை. மூலையில் அந்த மகள், ஆணிவாயரின் மனைவி, தையல் மெஷினில் உறை தைப்பார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. மாமியாரின் வாய்க்கு அது ஒரு தடையே இல்லை.

தொழில் ஆணிவாயருக்கு அப்பாவிடமிருந்து வந்தது, ஆணியும் அப்படியே. சிறு வயதில் ஓயாமல் பேசுவாராம். வாத்தியார்கள் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பியதும், அப்பா கடையில் உட்கார வைத்து வாயில் ஒரு பிடி ஆணியைப் போட்டிருக்கிறார். அன்றைக்கு அடங்கிய வாய். கல்யாணமான புதிதில் மனைவி அவரை ஊமை என்றே நினைத்துவிட்டாராம். சாப்பாட்டு நேரத்தில்தான் உண்மை தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் ஒரு பெண்மணி கடைக்கு வந்து, "என் மாமியார் வந்தா உட்கார ஒரு நாற்காலி வேணும். ரொம்ப வசதியா இருக்க வேணாம்" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஸ்பிரிங்கை வெளியே விட்டுத் தைக்கச் சொல்லும்மா!"

ஆணிவாயர் சிரித்தார். ஓர் ஆணி உள்ளே போய்விட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். தானாக வெளியே வரும், காத்திருங்கள் என்றார் டாக்டர். வந்தது. வந்ததை நான்தான் உறுதிசெய்தேன். மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு என் தொழிலில் இடமில்லை. இனிமேல் என் கண்ணெதிரில் வாயில் ஆணி போடக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன்.

செய்தி கேட்டு அவருடைய சகலை வந்தார். ஏதோ அலுவலகத்தில் மேற்பார்வையாளர். நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அங்கே எல்லாருக்கும் வகுப்பு எடுப்பவர். அவர் போன் அடிக்கடி அலாரம் அடிக்கும். எதற்கு என்று கேட்டால், மூச்சை இழுத்து விடுவதற்கு என்பார். கையில் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். உள்ளே, ஸ்டேப்ளர் பின் அடிக்கும் கரண்ட் துப்பாக்கி.

"சகலை, வாயில ஆணி போட்டு வேலை செய்யறதெல்லாம் எந்தக் காலம்? இதைப் புடிங்க. டக்கு டக்குனு அடிச்சுட்டே போலாம். பாதி நேரம் மிச்சம்."

"மிச்ச நேரத்துல என்ன பண்றது?"

"இன்னொரு வேலை பண்ணுங்க."

"அதுலயும் மிச்சம் புடிச்சா?" என்றது திரை.

"அத்தை, நீங்க ரெஸ்ட் எடுக்கற நேரம் இது" என்றவர், ஆணிவாயர் பக்கம் திரும்பினார். "டாக்டர் சொன்ன நாற்காலி எங்கே? படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும், முதுகு புண்ணாகும். எங்க வீட்டுல ரிமோட் வச்ச நாற்காலி தயாரா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில காரோட வர்றேன். அத்தை உங்க நாற்காலியிலேருந்து தானா எழுந்து நின்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சொன்னதில் பாதி சரிதான். இடுப்பு அறுவை செய்தவர் தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது, முழங்கால் இடுப்புக்கு மேலே போனால் மூட்டு நழுவிவிடும். உயரமான, அமுங்காத இருக்கை வேண்டும், ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும். மாமியாரின் கால் உயரத்தை நான் முன்பே அளந்து கொடுத்திருந்தேன். "நானே செஞ்சு தர்றேன் அத்தை" என்று ஆணிவாயர் மரச்சட்டமும் வாங்கி வைத்திருந்தார். அது சட்டமாகவே நின்றது.

சகலை போனதும் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், அங்க போனா நான் தீர்ந்தேன். போன தடவை இருந்தப்ப, நான் பேசறதுக்குன்னு சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கிக் குடுத்தான். அந்த நேரத்துல எனக்குப் பேச்சே வரல. பாத்ரூமுக்கும் ஒரு அலாரம். அது அடிக்கறப்போ வரணுமாம். எனக்கு வரணுமே!"

துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேகமான கருவி ஒன்று வாங்கும்போது, பழைய கருவி வேறு என்ன வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்று விசாரிக்க வேண்டும். ஆணி இத்தனை வருடமாக ஒரு வாயை மூடி வைத்திருந்தது. இப்போது மூடி கழன்றுவிட்டது.

அவர் பேசினார். வருகிறவர்களிடம், போகிறவர்களிடம், மீட்டர் பார்க்க வந்தவரிடம். எந்தக் காலத்திலோ ஒருவர் "இந்தத் துணி சாயம் போகுமா?" என்று கேட்டிருந்தாராம். வாயில் ஆணி இருந்ததால் பதில் சொல்லவில்லையாம். அவருடைய எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, "போகாது சார்" என்றார். அந்த சோபாவை அவர்கள் தூக்கிப்போட்டே பல வருடமாம். பேசும்போது துப்பாக்கியை ஆட்டி ஆட்டிப் பேசியதில், தன் சட்டைக் கையை ஒரு திண்டோடு சேர்த்து அடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கிறது என்று கேட்க சகலை காலையும் மாலையும் போன் செய்வார். அதற்கு விளக்கமாகப் பதில் சொல்வார் ஆணிவாயர்.

"ஏங்க, அம்மாவோட நாற்காலி?" என்று மனைவி கேட்டால் சிரிப்பார். "டக்குனு முடிஞ்சிரும்டி. அதான் துப்பாக்கி இருக்கே!"

சனிக்கிழமை காலையிலும் நாற்காலி எலும்புக்கூடாகத்தான் நின்றது. மனைவி மெஷினை விட்டு எழுந்து வந்து, அவர் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தார். அவர் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, மிட்டாய் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"பேசாம ஆணியையே போட்டு விடுங்க சிஸ்டர்" என்றார் மாமியார். "நான் சிரிப்புக் காட்டாம இருக்கேன்."

"உங்களால முடியாது" என்றேன். என் பையைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தேன்.

"முகம் ஒரு மாதிரி இருக்கு. வாயைத் திறங்க."

"எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்? ஒரு தடவை இப்படித்தான் எங்க சித்தப்பாவுக்கு…"

திறந்த வாயில் வைத்தேன். "நாக்குக்கு அடியில. உதட்டை இறுக்கி மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. கை சும்மாதானே இருக்கு? அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டும்."

காய்ச்சல் என்றால் ஆண்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆணிவாயர் கண்ணை உருட்டிக்கொண்டு அடங்கினார். பிறகு கை தானாகப் பட்டை நாடாவை எடுத்தது. குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னினார். துப்பாக்கி டக்கு டக்கென்று ஓடியது. அந்த வீட்டில் அதன் சத்தத்தை நான் ஒழுங்காகக் கேட்டதே அன்றுதான். நாடாவின் மேல் கெட்டியான ஃபோம், அதன் மேல் பஞ்சு. சிரிப்பு வந்தால் புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

ஒரு வாடிக்கையாளர் வாசலில் எட்டிப் பார்த்தார். வாயில் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும், "அப்புறம் வர்றேன்" என்று அப்படியே திரும்பிவிட்டார்.

போன் அடித்தது. அதை முன்பே மாமியார் கையில் கொடுத்து வைத்திருந்தேன்.

"உங்க சகலை பேச முடியாதுப்பா. வாயில தெர்மாமீட்டர்."

சகலையின் குரல் வெளியிலேயே கேட்டது. "காய்ச்சலா? எவ்வளவு இருக்கு?"

"இன்னும் தெரியல. காலையிலேருந்து பார்த்துக்கிட்டே இருக்காங்க."

மறுமுனையில் ஏதோ அலாரம் அடித்தது.

சாப்பாட்டுக்கு மட்டும் எடுத்துவிட்டேன். தட்டு காலியானதும், சித்தப்பா கதை திரும்பி வருவதற்குள் மறுபடியும் வைத்துவிட்டேன். பிற்பகலில் மனைவி என் காதருகே வந்தார்.

"சிஸ்டர், இவ்வளவு நேரமா அது பீப்னு சத்தமே போடலையே?"

"பட்டனை அமுக்கினாத்தானே போடும்."

அவர் மெஷினுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் முதுகு உறையின் தையல் வளைந்துபோய், பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

விளக்குப் போடும் நேரத்தில் நாற்காலி முடிந்தது. தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "காய்ச்சல் இல்லை" என்றேன். "அப்பாடா!" என்றவர், சித்தப்பாவின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சித்தப்பாவுக்கும் ஒன்றுமில்லையாம்.

முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அமுங்கவில்லை. பிறகு மாமியாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தார். எழுந்திருக்க முயன்று, பாதி வரை வந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டார். "நாற்காலி சரியாத்தான் இருக்கு, நான்தான் சரியில்ல" என்றார். ஆணிவாயர் குனிந்து கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைத்தேன். களைத்த உடம்பைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை.

மறுநாள் காலை சகலை வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"விட்டுருச்சு" என்றேன்.

மாமியார் தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எழுந்திருங்க அத்தை, பார்க்கலாம்" என்றார் சகலை, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நேரம் பார்க்காதீங்க" என்றேன். "விளிம்புக்கு நகருங்கம்மா. ஆபரேஷன் பண்ணின காலை முன்னாடி நீட்டுங்க. ரெண்டு கையும் கைப்பிடியில ஊன்றி, அமுக்குங்க."

என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், தானாகப் போய்த் தாங்கிவிடும் என்று. மாமியார் அமுக்கினார். இருக்கை கொஞ்சமும் உள்வாங்கவில்லை. உடம்பு மெல்ல ஏறியது, பாதியில் நின்றது, கைப்பிடி ஒருமுறை முனகியது, பிறகு முழுதாக நின்றுவிட்டார். வாக்கரைப் பிடித்து இரண்டடி வைத்துத் திரும்பினார்.

"ஏன் மாப்ளே வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வந்து உட்காருங்க. இதுல இல்ல, இது என்னுது."

குளியலறைக்குத் தானே நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நான், மகள், ஆணிவாயர், ஒருவழியாக உள்ளே வந்த சகலை நால்வரும் காத்திருந்தோம். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் மகள் மூக்கை உறிஞ்சினார். "சளி பிடிச்சிருக்கா?" என்று சகலை ஓரடி பின்னால் போனார்.

எனக்கு அடுத்த வேலை வந்துவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கமோடு நாற்காலி வாடகைக்கு எடுத்தது, இனி தேவையில்லை. கழுவித் துடைத்து வாசலுக்கு உருட்டி வந்தேன்.

"கார் காலியாத்தானே போகுது? வாடகைக் கடை நீங்க போற வழியிலதான் இருக்கு. இறக்கி விட்டுட்டுப் போங்க."

"இதையா?"

"ஒரு நடை மிச்சம் சார்" என்றேன்.

பின் இருக்கையில் அத்தைக்கென்று தலையணை போட்டு வைத்திருந்தார். அதை நகர்த்திவிட்டு, ஆணிவாயரும் நானும் கமோடைத் தூக்கி வைத்தோம். வளைவில் உருளாமலிருக்க சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டேன்.