வீட்டுக்குள் வளர்ந்த நாற்று

என் அத்தைக்கு முக்கால் ஏக்கர் நிலம். கிணறு கிடையாது, மழையை நம்பித்தான் பயிர். வருடா வருடம் மிளகாய் நாற்று விட்டு, முதல் நல்ல மழையில் நடுவார். முன்பெல்லாம் அந்த மழை சொல்லிவைத்த மாதிரி வரும். இப்போது வெயில்தான் அப்படி வருகிறது. போன இரண்டு வருடமும் மழைக்குக் காத்திருந்தே நாற்று கருகிப்போனது. இந்த முறையும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமா நகரத்துக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போவதென்று பேசி முடித்திருந்தார்கள்.

அதனால் அத்தை நாற்றை வீட்டுக்குள்ளேயே விட்டார். முன்னறைக் கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, தரை முழுக்க நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை அடுக்கினார். சமையலறைக்கு ஒரு ஆள் ஒருக்களித்துப் போக மட்டும் வழி. மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் போட்டா கரண்ட் வீணுங்கிற. மிளகாய்க்கு மட்டும் காத்து கேக்குதா?" என்று வெளியிலிருந்து மாமா கத்தினார்.

"நீங்களும் நாலு காய் காய்ச்சுக் காட்டுங்க, உங்களுக்கும் போடுறேன்."

நாற்று கருகவில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்தபடி மளமளவென்று வளர்ந்தது. அத்தைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் பார்க்க வந்தார். யாரைப் பார்த்தாலும் வானிலைச் செய்தி சொல்வதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"என்னக்கா, வெளுத்துக் கிடக்கு? கொஞ்சம் கொஞ்சமா வெயில்ல வச்சுப் பழக்குங்க. இப்படியே நட்டா நிக்காது."

"வெயில்ல வச்சு ரெண்டு வருஷம் சாகடிச்சாச்சு, போதும்."

அப்படிச் சொன்னாலும் மறுநாள் தட்டுகளை வெளியே எடுத்து வைத்தார். உச்சி வெயிலில் இலைகள் தொங்கின. மனசு கேட்கவில்லை, எல்லாவற்றையும் உள்ளே தூக்கிவிட்டார். அன்று சாயங்காலமே மழை கொட்டியது.

"பொறுங்கக்கா, இன்னொரு மழை இருக்கு. அதுக்குள்ள நாத்தைப் பழக்கிடலாம்" என்றார் ரேடியோ.

"போன வருஷமும் இதைத்தானே சொன்னீங்க? வந்துச்சா?"

விடிந்ததும் அத்தையும் மாமாவும் நட ஆரம்பித்தார்கள். ஈர மண்ணில் நாற்று வரிசையாக நின்றபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மதியத்துக்குள் தண்டுகள் மண்ணில் படுத்துவிட்டன. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். சாயங்காலம் சில நிமிர்ந்தன. அடுத்த மதியம் அவையும் விழுந்தன. பிறகு அத்தை குடத்தைத் தொடவில்லை.

ரேடியோ சொன்ன மழை இந்த முறை வந்தது. அதைக் குடிக்க அந்த நிலத்தில் ஒரு செடிகூட மிச்சமில்லை.

மாமா பை கட்டினார். குத்தகைக்கு ரேடியோவே கேட்டு வந்தார்.

"என்ன போடப் போறீங்க?" என்றார் அத்தை.

"மிளகாய்தான். நாத்து கைவசம் இருக்கு. ஈரம் காயறதுக்குள்ள நட்டாகணும், ஆள்தான் கிடைக்கல."

அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார்.

"கூலி என்ன தருவீங்க?"

மறுநாள் காலை தன் நிலத்தில் முதல் வரிசையை அத்தைதான் பிடித்தார். ரேடியோ கொடுத்த நாற்று குட்டையாக, கரும்பச்சையாக இருந்தது. ஒவ்வொன்றாக ஊன்றி, மண்ணை அழுத்திக்கொண்டே போனார்.