அம்மாக்கண்ணுவின் பச்சைகள்

முட்டைக்கோசின் மேலிலையை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள் அம்மாக்கண்ணு. "இது கிளி" என்கிறாள். அடுத்த கூடைக்கு நகர்கிறாள். "வாழக்குருத்து." அதற்கடுத்ததைத் தொடக்கூட இல்லை. "நெல்லிக்கா. நாளைக்குப் புளியம்பழுப்பு ஆய்டும், எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொள்கிறவர் கிருஷ்ணன், விவசாய இலாகாவின் இளம் அலுவலர். அவர் கையிலும் ஒரு அட்டை இருக்கிறது: ஐந்து கட்டம், ஐந்து பச்சை, ஒன்று முதல் ஐந்து வரை எண்; எண் ஏற ஏறப் பச்சை வெளுக்கும். அம்மாக்கண்ணுவை அவர் அறை பெருக்கத்தான் வேலைக்கு வைத்தார். மூன்றாம் நாள் அவர் ஒரு இலையைப் பார்த்து "மூணு" என்றபோது துடைப்பத்தோடு நின்று எட்டிப் பார்த்தாள்.

"மூணும் இல்ல, நாலும் இல்ல சார். நடுவுல கீது. உங்க அட்டையில ஒரு வூடு குறையுது."

மறுநாள் இலை நாலுக்கு இறங்கியது. அதிலிருந்து அவர் முதலில் அவளைக் கேட்கிறார், பிறகுதான் அட்டையைப் பார்க்கிறார்.

மலை ஊரான ஜமுனாமரத்தூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டு அறையில் இந்தச் சோதனை நடக்கிறது. அறுத்த கோசுகளில் ஒரு பங்கை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், ஒரு பங்கை வெறும் தண்ணீரில். மீதியை அப்படியே வைப்பார்கள். எது எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது என்பதுதான் கேள்வி. கிருஷ்ணன் அவளுக்கு விளக்கியிருக்கிறார்: வேர் இருக்கும்வரை அது இலைக்கு ஒரு ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அறுத்ததும் அது நின்றுபோகும், இலைக்கு வயசாகத் தொடங்கும். பச்சை போகும், கூடவே சத்தும் போகும். அந்த ஹார்மோனைத்தான் தண்ணீரில் கலக்கிறோம்.

அம்மாக்கண்ணு இதை ஊரில் வேறு விதமாகச் சொல்கிறாள். "வேரு இன்னும் கீதுன்னு எலைய ஏமாத்தற மருந்து. பாவம், அதுவும் நம்பிக்கினு குந்தினு கீது."

ஏமாறுவதைப் பற்றி அவளுக்குத் தெரியும். போன வருஷம் சாமை போடும் நிலத்தில் பாதியில் கோசு போட்டாள். ஊரே சிரித்தது. கோசு நன்றாக வந்தது. அறுத்து மூட்டை கட்டிய அன்று மழை. மலைப்பாதை மூன்று நாள் அடைத்துக்கொண்டது. நாலாம் நாள் பஸ் ஏறிச் செங்கத்துக்குப் போனால், மண்டிக்காரர் ஒவ்வொரு கோசிலும் நாலு இலையை உரித்துப் போட்டுவிட்டு மீதியைத் தராசில் வைத்தார். உரித்த இலைகளை அவள் விடாமல் பொறுக்கி மூட்டை கட்டி, ஆட்டுக்கு என்று அதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தாள். "ஆடு இன்னா பண்ணிச்சு தெரியுமா சார்? மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு."

அதனால் இந்த மருந்து பலிக்க வேண்டும் என்பதில் கிருஷ்ணனைவிட அவளுக்கு அவசரம். பலித்தால் அடுத்த அறுப்பில் அவள் நிலத்துக் கோசுக்கே முதலில் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

முதல் சோதனை ஆறாம் நாளே படுத்துவிட்டது. மருந்தில் முக்கியது, முக்காதது எல்லாமே புளியம்பழுப்பு. கிருஷ்ணன் நோட்டை மூடிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். மருந்து பழசா, அளவு தப்பா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அம்மாக்கண்ணு உள்ளே போனாள். அறை நடுவில் நின்று மூக்கை உயர்த்தினாள். பிறகு கோசு அடுக்கும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, பரணில் கிடந்த கோணியை இழுத்தாள். அடியில் ஒரு கூடை சீத்தாப்பழம், எல்லாம் கண் திறந்து பழுத்திருந்தன.

வைத்தவர் வாட்ச்மேன் காசி. அவளுக்கு மாமன் முறை.

"ஊர்லயே குரங்கு நுழையாத ரூம்பு இது ஒண்ணுதான், புள்ள. வேற எங்க வெக்கச் சொல்ற?" என்றார் காசி. அவரைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி.

கிருஷ்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பழுக்கிற பழம் ஒரு வாயுவை விடும், அதுவும் ஹார்மோன்தான், பக்கத்தில் இருக்கிற இலையை எல்லாம் சீக்கிரம் கிழடாக்கிவிடும் என்றார். கல்லூரியில் படித்ததுதானாம், பரணைப் பார்க்கத் தோன்றவில்லை.

"அதான் மாமா பக்கத்துல எங்க ஊர்ப் பொம்பளைங்க யாரும் குந்தறதில்ல" என்றாள் அம்மாக்கண்ணு.

"உன் வாய்க்கு முதல்ல அந்த மருந்த ஊத்தணும்டி" என்றார் காசி. அதற்குள் ஒரு பழத்தைப் பிட்டிருந்தார்.

இன்னொரு முறை செய்யச் சோதனைத் தோட்டத்தில் கோசு மிச்சமில்லை. செங்கத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்க்கும் நாள் மட்டும் குறித்தாகிவிட்டது. அன்று காட்ட எதுவும் இல்லையென்றால் சோதனை அதோடு முடிந்தது. அம்மாக்கண்ணு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். காலையில் தன் தலையில் ஒரு மூட்டையும், பின்னால் இரண்டு பேர் தலையில் இரண்டு மூட்டையுமாக வந்தாள். அவள் நிலத்தில் இந்த வருஷம் விளைந்த கோசு மொத்தமும் அதுதான்.

"விக்கறதுக்கு?" என்றார் கிருஷ்ணன்.

"ஏமாத்தறதுன்னு எறங்கிட்டோம். ஒழுங்கா ஏமாத்துங்க சார்."

அன்றிலிருந்து அறைச் சாவி அவள் இடுப்பில். உள்ளே போகும் யாரையும் நிறுத்தி மடியைக் காட்டச் சொல்கிறாள். காசியின் வாயை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பஸ்ஸில் யாராவது வாழைத்தாரோடு ஏறினால், தன்னிடம் ஒரு காய்கூட இல்லாத நாளிலும், எழுந்து பின் இருக்கைக்குப் போய்விடுகிறாள்.

பதினாலாம் நாள் காலை விடியும்போதே திறந்து பார்த்தாள். முக்காதது பழுப்பு. வெறும் தண்ணீரில் நனைத்தது நெல்லிக்காய். மருந்தில் முக்கியது இன்னும் கிளி. அதில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள், கதவைப் பூட்டினாள், யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். கிருஷ்ணன் ஓடிப்போய் வணங்கினார். காசி விறைப்பாக நின்று சலாம் வைத்தார். அதிகாரி நேரே கதவுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை; வழியில் சந்தையில் வாங்கியது. பை வாயில் சீத்தாப்பழம் எட்டிப் பார்த்தது.

கிருஷ்ணன் பையையும் அம்மாக்கண்ணுவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாக்கண்ணு கதவை மறைத்து நின்றாள்.

"குடுங்க சார்" என்று கை நீட்டினாள். மரியாதைக்கு வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தபடி கொடுத்தார். அவள் பையைக் கொண்டுபோய் ஜீப்புக்கு அந்தப்பக்கம் காசியின் கையில் திணித்தாள்.

"மாமா, இத்த எடுத்துக்கினு காத்து எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமா போய் நில்லு."

திரும்பி வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டில் நுழைக்கும் முன், அதிகாரியைக் காக்க வைத்து, தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். மறுபடி முகர்ந்தாள். அப்புறம்தான் கதவைத் திறந்தாள்.