கறை படாத விரிப்பு

சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் அப்போது நான் நர்ஸ்.

திருச்சியிலிருந்து பெரிய டாக்டர் இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும்தான் எங்கள் பீரோ திறக்கும். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளை விரிப்புகள். அவர் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில் உருவி மடித்துப் பூட்டிவிடுவோம். மற்ற நாளெல்லாம் கிழிந்த நார் மெத்தைதான். ஏன் என்று கேட்டால், "கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார் ஹெட் நர்ஸ். ராஜா காலத்திலும் இதே பேச்சு. சர்க்கார் மாறியும் இதே பேச்சு.

ஒரு தடவை, அன்றுதான் பிரசவமாகிப் படுத்திருந்த குடுமியான்மலைப் பெண்ணுக்கு நான்தான் விரித்தேன்.

"காலையில எடுத்துருவோம், கறை படாமப் பாத்துக்க" என்றேன். பிள்ளை பெற்ற உடம்புக்காரியிடம் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் விடிந்ததும் போனேன். பிள்ளையோடு தடுமாறி எழுந்து நின்றாள். விரிப்பு மடித்துத் தலைமாட்டில் இருந்தது.

"எடுத்துக்கங்கம்மா. கறை ஒண்ணும் படல. ராத்திரி கீழதான் படுத்துக்கிட்டேன்" என்றாள்.

கீழே என்றால் வெறும் சிமெண்டுத் தரை.

திரும்ப விரித்துக் கொடுத்தேனா? இல்லை. அவள் மடித்த மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரி எவ்வளவு சுத்தம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆமாம், விரிப்பெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. அவள்தான் தரையில் கிடந்தாள்.