கோட்டைத் தாண்டிய சித்தி

"டக், டக், டக்" என்று சிமெண்டுத் தரையில் ஆணி தட்டுகிற சத்தம் கேட்டால் சித்தி வந்துவிட்டாள் என்று அர்த்தம். டில்லி சரோஜினி நகரில் அம்மா சமையல் செய்த அதிகாரி வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் குடியிருந்தோம். அம்மாவின் தங்கை செல்விச் சித்தி அந்த "ஆணி ஷூ"வைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அதுவரை அவள் வெறுங்காலோடு கபடி ஆடியவள். குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே இருந்த மண் மைதானத்தில், எங்களைப் போலவே விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த வீடுகளின் பெண்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். முதல் ரெய்டு எப்போதும் சித்திதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ரக்பி கோச் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் டீமுக்கு வரச்சொல்லி அந்த ஷூவைக் கொடுத்தார். ரக்பிப் பந்து நீள உருண்டையாக இருக்கும் என்று கேட்டதும், "தேங்காய்க்கு அடிச்சிக்கிற ஆட்டமா?" என்று அம்மா சிரித்தாள். கபடி கேப்டன் விமலா அக்கா சிரிக்கவில்லை. நடுக்கோட்டில் நின்றுகொண்டு, "போடி, போ. ஆனா இந்தக் கோட்டுக்குள்ள மறுபடி உன் காலு படக்கூடாது, அச்சா?" என்றாள். முதல் மேட்சில் கோச்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சித்திக்கு எந்த ஆட்டமும் இல்லை.

அதைப் பார்க்கவே கபடி டீம் மொத்தமும் மேட்சுக்கு வந்திருந்தது. சித்தி பந்தை அணைத்துக்கொண்டு, மறித்த பெண்களையும் சேர்த்து இழுத்தபடி போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டினாள். தாண்டிய பிறகு பந்தைத் தரையில் வைத்தால்தான் புள்ளி. அவளோ, கபடியில் ஆளைத் தொட்டுவிட்டுத் தப்பி வருகிறவளைப் போலச் சட்டென்று திரும்பி, பந்தோடு நடுக்கோட்டை நோக்கி ஓடிவந்தாள். எதிர் டீம் வாயைப் பிளந்துகொண்டு வழிவிட்டது. "வாடி வா, இங்கதான வந்தாகணும் நீ!" என்று விமலா அக்கா கத்தினாள். கோச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் மறுபடி பந்து கிடைத்தது. இந்தத் தடவை கோட்டைத் தாண்டியவள் பந்தின்மேல் குப்புற விழுந்தாள். விசில் ஊதியும் எழவில்லை. கோச் ஓடிப்போய், "பஸ், செல்வி, பஸ்!" என்று, போதும் போதும் என்று இந்தியில் சொல்லித் தூக்கிவிட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து முன்வரிசையில் எதிர் டீமைத் தோளால் முட்டித் தள்ளும் இடம் அவளுக்கு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. விளையாடுவதற்காக ரயிலேறிய முதல் ஆள் சித்தி என்பதிலும் அதே பெருமை. விமலா அக்கா மட்டும் சொன்ன சொல்லில் நின்றாள். பொங்கலன்று சும்மா ஆடிய கபடியில்கூடச் சித்தி கோட்டுக்கு வெளியே, மற்றவர்கள் கழற்றிக் கொடுத்த ஸ்வெட்டர்களைச் சுமந்துகொண்டு நின்றாள்.

அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. மைதானத்தின் மேல் உயரமான கட்டடங்கள் வந்துவிட்டன. விமலா அக்கா கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். ஷூ, ஏதோ ஒரு முறை வீடு மாறும்போது தொலைந்துபோனது. போன மாதம் நானும் சித்தியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தபோது ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். புது நடைபாதையில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்துவிட்டு, ஓரிடத்தில் நின்றாள்.

"இங்கதான் கோடு."

அரிசிப் பையை என் கையில் கொடுத்தாள். "விமலா பாக்கலையே?" என்று கேட்டபடி, ஒரு காலை அந்தப் பக்கம் எடுத்து வைத்தாள்.