எஸ்-9 யார் வீடு?

டாக்டர் பட்டத்துக்கு நடக்கும் வாய்மொழித் தேர்வை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் போன புதன்கிழமை பார்த்தேன். ஷேர் வேனில் போய்ப் பார்த்தேன். தனியாக இல்லை... எங்கள் தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். அத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு போன மகானுபாவன் நான்தான். அதன் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

திருவேற்காட்டில் எங்கள் தெருவுக்கு மூன்று வருடங்களுக்கு முன் சபீனா என்றொரு பெண் வந்தாள். பூந்தமல்லிக்காரி. அப்பாவுக்கு அங்கே தையல் கடை. நகரத்தில் இருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு தெர்மாகோல் பெட்டி, அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் பாட்டில்கள். பதினான்கு வீடுகளில் போர் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். கோடையில் ஒரு முறை, மழைக்கு முன் ஒரு முறை, மழை விட்டதும் ஒரு முறை.

வாராவாரம் வரும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுப் போர் தண்ணீரைப் பற்றித் தெரியும். நாலைந்து தடவையாவது எழுதியிருப்பேன். இளநீர் கெட்டது போங்கள். நசரத்பேட்டையில் இருக்கும் என் மச்சினன் வரும்போதெல்லாம் இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டு போவான். கேன் தண்ணீர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சபீனாவிடமும் இதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். பாவம், கையில் ஐஸ் உருகிக்கொண்டிருக்க, நின்று கேட்டாள்.

பிறகு மறந்துவிட்டோம்.

இரண்டு மாதம் முன்பு, ஏகாம்பரத்தின் மகள் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒரு கட்டுரையைப் போட்டாள். ஏகாம்பரம் யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர். விடியற்காலையில் வீடு வீடாகக் கேன் தண்ணீர் போடுவார். எட்டு மணிக்கு மேல் அதே வேனைக் கழுவி, பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டுவார். மகள் போட்ட கட்டுரை சபீனா எழுதியது. எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றியது!

பதினான்கு வீடுகளுக்கும் எஸ்-1 முதல் எஸ்-14 வரை நம்பர். வீட்டு வரிசைப்படி இல்லை, கலைத்துப் போட்டிருந்தாள். எந்த நம்பர் யார் வீடு என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று தண்ணீர் பிடிக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தாள். பதின்மூன்று வீட்டுத் தண்ணீர் பரவாயில்லை. எஸ்-9 மட்டும் வாயில் வைக்க லாயக்கில்லை. நைட்ரேட் அதிகம், கழிவுநீர்க் கிருமி வேறு.

விடுமா தெரு? எஸ்-9 யார் வீடு?

அவரவர் வீட்டு முடிவை அவரவரிடம் கவரில் போட்டு அவள் போன வருடமே கொடுத்துவிட்டாளாம். ஆனால் யாரைக் கேட்டாலும் ‘எங்க வீடு இல்லப்பா’ என்றார்கள். எங்கள் கவரைப் பற்றி மனைவி தேவகியிடம் விசாரித்தேன். வந்தது, பீரோவில் எங்கேயோ இருக்கும் என்றாள். நான் தேடவில்லை. நூற்றுக்கு நூறு வாங்குகிறவன் மார்க் ஷீட்டைத் தேடுவானா?

ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பது நின்றது. மூன்றாம் வீட்டு வளைகாப்புக்கு வந்தவர்கள் ஒரு கையில் வளையலும் ஒரு கையில் வாட்டர் பாட்டிலுமாக வந்தார்கள். எனக்கோ சந்தேகமே இல்லை. தினம் வேன் கழுவுகிற வீடு எதுவோ, அதுதான் எஸ்-9. இதை விளக்கி குரூப்பில் நீளமாக ஒன்று எழுதினேன். பெயர் போடவில்லை, ஆனால் வேன் வைத்திருப்பவர் தெருவிலேயே ஒருவர்தான். ஏகாம்பரம் பதிலுக்கு இரண்டு கைகளைக் கூப்பி ஒரு பொம்மை போட்டார். அவ்வளவுதான். பார்த்தாயா, வாயே திறக்கவில்லை என்று தேவகியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் சபீனா வந்தாள். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். பொது வாய்மொழித் தேர்வு, அனைவரும் வரலாம், கேள்விகள் கேட்கலாம் என்று போட்டிருந்தது. பெயர்தான் பொது, சமோசாவுக்காகத் துறைக்காரர்கள் பத்துப் பேர் வருவதோடு சரி என்று சிரித்தாள். தண்ணீர் கொடுத்த வீடுகளுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லையாம். போகும்போது மட்டும் குரல் இறங்கியது.

“அஞ்சரை வருஷம் ஆச்சு அங்கிள். இது முடிஞ்சாத்தான் காலேஜ் வேலைக்கு அப்ளை பண்ண முடியும். உதவித்தொகையும் நின்னுபோச்சு. துவா பண்ணிக்குங்க.”

எனக்கு அதெல்லாம் எங்கே காதில் விழுந்தது? ‘கேள்விகள் கேட்கலாம்’ என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை ஏகாம்பரத்தின் வேனிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினோம். குற்றவாளியின் வண்டியிலேயே கோர்ட்டுக்குப் போவது எனக்கு உள்ளூர வேடிக்கையாக இருந்தது. தேவகி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, அந்தப் பெண்ணுக்கு நல்ல நாளில்லையா என்றாள்.

பல்கலைக்கழகத்தை உள்ளே போய்ப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் அந்த வாரத்துத் தேர்வுகள் மட்டுமே ஏழெட்டு. தவளையின் தோலைப் பற்றி ஒருவர், வாழைநாரைப் பற்றி ஒருவர், கண்ணுக்கே தெரியாத துகள்களைப் பற்றி இரண்டு பேர், ஏதோ ஒரு சமன்பாட்டைப் பற்றி ஒரு பெண். தாழ்வாரம் முழுக்கக் கண்ணாடி பீரோக்கள். உள்ளே தங்க எழுத்துப் போட்ட ஆய்வேடுகள் தரையிலிருந்து உச்சி வரை. எல்லா பீரோவிலும் பூட்டு. சாவி யாரிடம் என்றால், அவர் லீவாம். ஒவ்வொன்றும் ஒருவருடைய ஐந்து வருடம், ஆறு வருடம்... நம் தண்ணீர், நம் காற்று, நம் உடம்பைப் பற்றித்தான் அத்தனையும் எழுதியிருக்கிறார்கள். நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை.

நாங்கள் இருபத்திரண்டு பேர் நுழைந்ததும் ஹால் திகைத்துப்போனது. எக்ஸ்ட்ரா நாற்காலி கொண்டுவந்தார்கள். சபீனாவின் அப்பா சமோசா எண்ணிக்கையைப் பற்றி யாரிடமோ கிசுகிசுத்தார். தேர்வாளர் தென்மாவட்டத்திலிருந்து வந்த பேராசிரியர், கண்டிப்பான முகம். இத்தனை வருட சர்வீஸில் பொதுத் தேர்வுக்குப் பொதுமக்கள் வந்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று எங்களைப் பாராட்டினார். நான் லேசாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

சபீனா படபடவென்று விளக்கினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, எஸ்-9 வரும்வரை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். சுற்றியுள்ள பதின்மூன்றும் ஒரு மாதிரி இருக்க, இது மட்டும் ஏன் எங்கேயோ போகிறது? பாட்டில் சரியாகக் கழுவவில்லையா? அந்த வீட்டுக்கு நேரில் போனீர்களா? அங்கே என்ன காரணம் இருக்கிறது? ஆய்வேட்டில் எழுதவே இல்லையே?

சபீனா வாயைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காரணத்தைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். காலி ஹாலாக இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். முழுத் தெருவையும் கொண்டுவந்து எதிரில் உட்காரவைத்தவன் யார்?

அவளுடைய கைடு அம்மா எழுந்து, பொதுமக்கள் ஐந்து நிமிடம் வெளியே இருக்கலாமா என்று கேட்டார். தேர்வாளர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். இது பொதுத் தேர்வு, பொதுமக்களை வெளியே அனுப்ப விதி இல்லை என்றார்.

“காரணம் எனக்குத் தெரியும் சார். ஆனா அந்த வீட்டுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றாள் சபீனா. 

“காரணம் இல்லாத டேட்டாவை நான் எப்படிம்மா ஏத்துக்கறது?”

பேனாவை மூடி வைத்தார். சபீனாவின் அப்பா சமோசாப் பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.  இந்த ஏகாம்பரம் எழுந்து ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பட்டுப்புடவை சரசரத்தது. தேவகி எழுந்து நின்றாள்.

“எஸ்-9 எங்க வீடு சார். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவுல ஆறடிதான். காருக்கு இடம் வேணும்னு இவர்தான் டேங்கைப் போர் பக்கமாத் தள்ளிக் கட்டினாரு. இந்தப் பொண்ணு மூணு தடவை வந்து, என் கண்ணு முன்னால தண்ணி பிடிச்சுது.”

 என் முகத்தில் ஈயாடவில்லை.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். “அம்மா சொல்றது சரியா சார்?”

மறுத்திருக்கலாம். மறுக்க ஒரு நொடி நாக்கும் தயாராக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சபீனா என்னைப் பார்க்கவே இல்லை, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தேன்.

“ஆறடி இல்ல சார். அஞ்சரை. நான்தான் டேப் பிடிச்சு அளந்தேன்.”

ஹால் வெடித்துச் சிரித்தது. தேர்வாளரும்தான். பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டு, அஞ்சரை அடியா என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். கால் மணி நேரத்தில் சபீனா டாக்டர் ஆனாள். அவள் அப்பா அழுதுவிட்டார். ஆளுக்குப் பாதி சமோசா கிடைத்தது.

திரும்பும்போது வேனில் எனக்கு முன் சீட். யாரும் வற்புறுத்தவில்லை, பின்னால் உட்கார முகம் இல்லை. அப்போ கவர் வந்த இந்த ஒரு வருஷமாக நான் வீட்டுச் செப்புப் பானையிலிருந்து குடிக்கிற தண்ணீர்? தேவகியிடம் கேட்கத் தைரியம் வராமல், வாய்க்குள்ளேயே முனகினேன். ஏகாம்பரம் காதில் விழுந்துவிட்டது.

“அது கேனு சார். வாரத்துக்கு மூணு. நீங்க வாக்கிங் கிளம்பினதும் அக்கா போன் பண்ணுவாங்க, நான் எட்த்தாந்து பானைல ஊத்திட்டுப் போவேன். உங்க மச்சான் பாட்டில்ல புட்ச்சுகினு போறாரே... அதுவும் நம்ம கேனுதான்.”

அப்படியானால் எஸ்-9 யாரென்று இந்த மனிதருக்கு முதலிலிருந்தே தெரியும். குரூப்பில் நான் அவரைப் போட்டுத் தாளித்தபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஏகாம்பரம் என்றேன்.

“அக்கா யாராண்டயும் சொல்லாதன்னாங்க. சொல்லல.”

கியரை மாற்றினார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருத்தி பட்டமே போனாலும் வாய் திறக்கவில்லை. ஒருவர் கெட்ட பெயரே வந்தாலும் திறக்கவில்லை. இன்னொருத்தி ஒரு வருடமாக என் பெருமையைக் கேனில் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த விவகாரத்தில் வாயை மூடத் தெரியாத ஒரே ஆள், வாராவாரம் உங்களுக்கு எழுதுகிறவன்தான். அன்று மாலையே ஏகாம்பரத்திடம் குரூப்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டேன். கைகூப்பிய அதே பொம்மை பதிலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டேங்கை இடிக்க ஆள் வருகிறது. கார் இனி தெருவில்தான் நிற்கும். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள் டாக்டர் சபீனா, தெர்மாகோல் பெட்டியோடு.

நேற்று ஒரு கூரியர்காரர் தெருமுனையில் என் முழுப் பெயரையும் சொல்லி வீட்டை விசாரித்தாராம். இருபது வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறவன் பெயர். யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. கவரில் இருந்த கதவு எண்ணைப் பார்த்ததும் ஒருவர் வழிகாட்டியிருக்கிறார்:

“அட, எஸ்-9 வீடு! நேராப் போங்க.”